விட்டு வைத்த கம்பி

அந்தத் தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் நினைவில்லை. கம்பிக்காரர் என்றால்தான் தெரியும். வீடு கட்டுகிற இடத்தில் கம்பியை வளைத்து, முடைந்து, கட்டிக் கொடுப்பது அவர் தொழில். கொத்தனார் வந்து கான்கிரீட்டை ஊற்றி மூடிவிட்டால் அவர் செய்த வேலை கண்ணுக்கே படாது. "என் வேலை எலும்பு வேலை. அது வெளிய தெரிஞ்சா வீட்டுக்கு ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொள்வார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது வெளியே தெரியும். தளம் போட்டு முடிக்கும்போது ஒவ்வொரு தூணின் தலையிலும் கம்பியை அறுக்காமல் இடுப்புயரத்துக்கு விட்டு வைப்பது வழக்கம். பின்னால் மாடி எடுக்கும் காலம் வந்தால், மேல் தூணை அந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகலாம். மாடி எதற்கு? பிள்ளைகளுக்குத்தான். தலைப்பிள்ளைக்குக் கீழ்வீடு, அடுத்ததற்கு மேல்வீடு. வாசல் கதவுக்கு வர்ணம் பூச வக்கில்லாதவன்கூடக் கம்பி விடாமல் தளம் போட மாட்டான். ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும், இன்னும் எத்தனை பேரை எதிர்பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

கம்பிக்காரர் ஏழு பேரில் ஐந்தாவது. அப்பாவுக்கு மூட்டை தூக்கும் வேலை. ஒரே அறை, ஒருவர் காலில் இன்னொருவர் தலை வைத்துத்தான் படுக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு நாலு தட்டு. மூத்தவர்கள் நாலு பேரும் தின்று எழுந்து கழுவிக் கொடுத்தால்தான் அடுத்தவர்களுக்குத் தட்டு, அதற்குள் சட்டியில் என்ன மிச்சமோ அதுதான் சாப்பாடு. இவருக்கு நேர் மூத்த அக்கா ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். வீடே தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, எட்டு வயதுப் பையனுக்கு முதலில் தோன்றியது, இனிமேல் நமக்கு முதல் பந்தியிலேயே தட்டு கிடைக்கும் என்பதுதான். அப்படி நினைத்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. தன்னையும் மன்னிக்கவில்லை, அப்பனையும் மன்னிக்கவில்லை. "பெத்துப் போட்டா ஆச்சா?" என்ற கேள்வி அன்றிலிருந்து அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தால் எல்லாருக்கும் சிரிப்பு வரும், இவருக்குத் தட்டு ஞாபகம் வரும்.

அவருக்கு வாய்த்த மனைவி இதற்கு நேர் எதிர். தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கும் வேலை அவளுக்கு. கூடப் பிறந்தவர் ஒருவரும் இல்லாமல் வளர்ந்தவள். கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வேணும்ங்க. ஒண்ணு அடிக்கறதுக்கு, ஒண்ணு அடி வாங்கறதுக்கு. எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லாம வளந்தேன்."

அவரும் சிரித்தார். ரெண்டுக்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கதவு வைத்த அறை ஒன்று இருக்க வேண்டும். கீழே ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. இது முதல் பிள்ளைக்கு. மாடி எழும்பிய பிறகு இரண்டாவது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது அவர் வாதம். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பசித்த பிள்ளை வளர்ந்து அப்பனானால் அப்படித்தான் யோசிப்பான். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வீடு கட்டினார்கள். நாலு தூணிலும் அவரே தன் கையால் கம்பி கட்டினார். ஊரான் வீட்டுக்கு விடுவதைவிட ஒரு சாண் கூடவே விட்டார். முனை யார் கண்ணையும் குத்திவிடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலி பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். மகள் பிறந்தாள். ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு என்று தெருவே தூக்கிக் கொஞ்சியது.

மகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த சமயத்தில் மனைவிக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அப்போது ஊரில் கட்டட வேலை படுத்துக் கிடந்தது. வளைக்கக் கம்பி இல்லாமல் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப வேணாமே. மாடி எழும்பட்டும்."

"பொறக்கற குழந்தை மாடியிலயா படுக்கப் போகுது? என் பக்கத்துலதான படுக்கும்."

"இன்னிக்குப் படுக்கும். அப்புறம்? எங்க வீட்டுல படுத்த மாதிரி காலும் தலையுமாவா?"

அவளும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மாடி எழும்புமா?"

"அதுக்குத்தான கம்பி விட்டு வச்சிருக்கேன்."

கம்பிக்காரனிடம் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. அவள் நம்பினாள். இருவரும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சேர்ந்துதான் திரும்பினார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். அவர் ரொட்டியும் பாலும் வாங்கிக் கொடுத்தார். உலகத்தில் எத்தனையோ ஆண்கள் அதையும் செய்வதில்லை என்று தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

உடம்பு தேறியதும் அவள் ஒரு வாளியில் சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அதைச் சிமெண்ட் பால் என்பார்கள். வெளியே நிற்கும் கம்பியில் அதைப் பூசிவிட்டால் மழை நேரே படாது, துரு சீக்கிரம் ஏறாது. ஒவ்வொரு கம்பியாக மேலிருந்து கீழ்வரை பிரஷ்ஷால் பூசிவிட்டு, பாட்டிலைத் துடைத்து மறுபடியும் கவிழ்த்துவிட்டு இறங்கி வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் அவளே ஏறிப் பூசினாள். ஒருநாளும் அவரைக் கூப்பிடவில்லை. "என் தொழிலை என்னைவிட அவ நல்லா கத்துக்கிட்டா, கெட்டிக்காரி" என்று அவர் வேலையிடத்தில் பெருமை பேசினார். பெண்டாட்டி வாயைத் திறக்காமல் ஒரு காரியத்தைச் செய்துகொண்டே இருந்தால், கெட்டிக்காரி என்று சொல்லி நகர்ந்துவிடுவது ஆண்களுக்கு வசதி.

மாடி எழும்பவில்லை. வேலை திரும்ப வந்தது, கூடவே செலவும் வந்தது. மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் போட்டார். பிறகு மேல்படிப்பு. கீழ்வீட்டுக்குக் கதவு மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம்" என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இருந்தது. இல்லை என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. வேலையிடத்திலும் அவர் சுபாவம் அதுதான். யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டார், கம்பியை விட்டு வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஒரு வருஷம் அவளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. அதை அவரிடம் வந்து சொன்னாள். "டாக்டரைப் பாக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை. அந்த வருஷமும் மழைக்கு முன்னால் வாளியோடு மாடியேறினாள்.

காலம் மாறியது. அவர் தொழிலும் தலைகீழானது. இப்போது யாரும் கம்பி கட்டக் கூப்பிடுவதில்லை, அறுக்கக் கூப்பிடுகிறார்கள். "இருக்கறது ஒரே பையன், அவனும் வெளியூர்ல செட்டில் ஆயிட்டான். மாடி எடுத்து யாரை வைக்கப் போறோம்? கம்பி வழியா தண்ணி இறங்குது, வந்து அறுத்து விட்டுருங்க" என்று ஆள் அனுப்புகிறார்கள். கையில் பிடித்து அறுக்கிற கட்டிங் மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். தான் கட்டிய கம்பியைத் தானே போய் அறுத்தார். பக்கத்துத் தெருவில் சின்னக் குழந்தைகளின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அடுத்த தளத்துக்கென்று அவர் கம்பி விட்டுக் கொடுத்த கட்டடம். கீழே இருக்கிற வகுப்பையே நிரப்பப் பிள்ளைகள் இல்லை என்று அதையும் அறுக்கச் சொன்னார்கள். அவர் மேலே அறுத்துக்கொண்டிருந்தபோது, கீழே குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவரோடு காலம் முழுக்க வேலை பார்த்த கொத்தனாருக்கு நாலு பிள்ளைகள். 'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்று நாலும் பெற்றவர். கடன் உடன் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாருக்கும் வீடு எழுப்பினார். நாலு பேரும் நாலு திசைக்குப் போய்விட்டார்கள். அவரிடம் கம்பிக்காரர் ஒருநாள் மனம்விட்டுப் பேசினார்.

"நீ குடுத்து வச்சவன்யா. உன் வீட்டுல கம்பியே வெளிய தெரியல."

"ஆமாய்யா. உன் வீட்டுல கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது, என் வீட்டுல புள்ளைங்க கம்பி நீட்டிட்டாங்க. நாலு வீடு கட்டினேன், நாலு பூட்டு வாங்கினேன். மாசத்துக்கு ஒருதரம் மேல போய் எல்லாத்தையும் தொறந்து கூட்டிட்டு வர்றேன், மூச்சு வாங்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆறிப்போன டீயைக் குடித்தார்கள்.

கம்பிக்காரர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு மழைக்காலமாக அவளால் மாடியேற முடியவில்லை. கம்பிக்குப் பூச்சு இல்லை. ஊரெல்லாம் போய்க் கம்பியைப் பார்த்த மனுஷன் தன் வீட்டுக் கம்பியைப் பார்க்க ஏறவில்லை. ஏறினால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். துரு ஊறிய கம்பி உப்பும். உப்பினால் சுற்றியிருக்கிற கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, அவள் படுக்கிற கட்டிலுக்கு மேலே கூரையில் கறையாகப் படிந்தது. ஒரு மத்தியானம் ஒரு பலகை அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அவள் சமையலறையில் இருந்ததால் பிழைத்தாள்.

செய்தி கேட்டு மகள் வந்தாள். அவள் வெளியூரில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் பார்சல் வண்டி ஓட்டுகிறான். அவனும் தன் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. அவன் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையோடு கிடக்கிறாள். மகள் அன்று காலையில் அந்த அம்மாவைத் துடைத்துவிட்டு, மருந்து கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருந்தாள். பெயர்ந்து கிடந்த காரையைப் பார்த்தாள். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கம்பிய அறுத்து அடைக்கணும்தான?"

"அறுக்கலாம். உனக்குன்னு ஒண்ணு பொறந்தா மாடி வேணுமேன்னு பாத்தேன்."

"அப்பா, அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். எங்களுக்குக் குழந்தை வேணாம். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"ஒண்ணாவது பெத்துக்கம்மா."

"எங்கப்பா வச்சுக்கறது? அங்க ஒருத்தங்க படுத்திருக்காங்க. மாமனாருக்குக் கண்ணு தெரியல. இங்க அம்மாவுக்கு முழங்கால். நாளைக்கு நீங்களும் படுத்துட்டா? நாலு பேருக்கு நாங்க ரெண்டு பேரு. இதுல ஒரு குழந்தைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நான் எந்தக் கையால உங்களைத் தூக்கறது?"

"அப்ப பின்னால உனக்கு யார் இருப்பா?"

மகள் கோபப்படவில்லை. அலுத்துப்போன குரலில்தான் பேசினாள்.

"எனக்கு யார் இருப்பான்னு நீங்க எப்பவோ யோசிச்சிருக்கணும். ஒண்ணு போதும்னு நீங்க முடிவு பண்ணீங்க. ஒண்ணும் வேணாம்னு நாங்க முடிவு பண்றோம். அவ்வளவுதான்."

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் ஒண்ணு போதும்னு முடிவு பண்ணலம்மா. பண்ணியிருந்தா நல்லாயிருக்கும்."

"என்னம்மா சொல்ற?"

"உனக்கு அடுத்து ஒண்ணு உண்டாச்சு. மாடி எழும்பட்டும், அப்புறம் பெத்துக்கலாம்னு எடுத்துட்டோம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் எழுந்து போய் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தாள். சாயங்காலம் புறப்படும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "சீக்கிரம் அறுத்துடுங்கப்பா. இன்னொரு தடவை விழுந்தா ஓடி வர எனக்கு லீவு இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் வெயில் ஏறியதும் கம்பிக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பாட்டில்கள் பாதி உடைந்து கிடந்தன. கம்பியெல்லாம் செதில் செதிலாகத் துரு. ஒன்றைக் கிள்ளினால் கையோடு வந்தது. ஆனால் சில கம்பிகளின் அடிப்பாகத்தில், துரு ஏறாத இடத்தில், சாம்பல் நிறத்தில் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு பூச்சு, அதற்கடியில் இன்னொரு பூச்சு, அதற்கடியில் இன்னொன்று. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. எந்த வீட்டுக் கம்பியையும் யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதை அவர் கண்டதில்லை. அவள் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அப்படி நினைத்தது எவ்வளவு மடத்தனம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

படியில் சத்தம் கேட்டது. அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள். நடந்து ஏற முடியாமல், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, உடம்பைத் தள்ளி, அடுத்த படிக்கு நகர்ந்து வந்தாள். பக்கத்தில் வாளி. அதையும் படிப்படியாகத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஓடிப்போய் வாளியை வாங்கினார். சிமெண்ட் பால்.

"அறுக்கப் போற கம்பிக்கு இது எதுக்கு?"

"அறுத்த எடத்துல பூசணும்ல. இல்லாட்டி மறுபடியும் தண்ணி இறங்கும்."

அவள் மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் தெரிந்த வீடுகளைப் பார்த்தாள். பாதி வீட்டில் கம்பி இல்லை, மொட்டையாக இருந்தன. அவர் மெஷினின் வயரை இழுத்துச் சொருகினார். ஸ்விட்சில் கை வைத்தார்.

"இருங்க" என்றாள். "அதுக்கு முன்னால சொல்லிடுங்க."

"என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"உங்களுக்குத் தெரியும்."

அவர் யோசித்தார். "இனிமே மாடி கட்ட மாட்டோம்" என்றார்.

"அது மாடிக்கு. புள்ளைக்குச் சொல்லுங்க."

அவர் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னதுக்கு நான் கோவிச்சுக்கல. அன்னிக்கு நம்ம நிலைமை எனக்கும் தெரியும். ஆனா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். வரப்போறதுக்காக எப்படிங்க அழறது? அதனாலதான் அழவே இல்ல. வருஷா வருஷம் வந்து இதைப் பூசிட்டுப் போனேன்."

கம்பிக்காரர் மெஷினைப் பிடித்தபடி நின்றார். அந்த நாலு தட்டு ஞாபகம் வந்தது. அக்கா ஞாபகம் வந்தது. பசிக்கப் போகிற ஒரு பிள்ளையைத் தான் காப்பாற்றிவிட்டதாகத்தான் இத்தனை காலமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நமக்கு ரெண்டாவது புள்ள இல்ல" என்றார். "நான்தான் வேணாம்னேன். இனிமேலும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் ஆட்டிய அதே மாதிரிதான். பிறகு அவள் முகம் கோணிக்கொண்டது. வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அன்று காலையில்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கீழே தெருவில் போன ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வராதீங்க. முடிச்சுக்கறேன்."

வாளியில் சிமெண்ட் பால் அடியில் தங்கி இறுக ஆரம்பித்தது. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் அவர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.